குரங்கைக் கூண்டில் ஏற்றியவர்கள்

மந்திகள் மாண்டு விழுந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, மரந்தோறும் தாவித் திரிந்தவை மரத்தடிதோறும் பிணமாகக் கிடந்தன. ஆண்டு 1957. இடம், அன்றைய மைசூர் மாநிலத்துச் சிவமொக்கா மாவட்டம், சொரபா வட்டம், கியாசனூர்க் காடு. காட்டோரச் சிற்றூர்களிலே மனிதரும் படுத்தனர். கொதிக்கும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் வலி, தசையெல்லாம் முறுக்கியெடுக்கும் வேதனை, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் குருதி.

மஞ்சள் காய்ச்சலோ என்று மருத்துவ உலகம் நடுங்கிற்று. ஆப்பிரிக்காவையும் தென் அமெரிக்காவையும் வாட்டிய அந்த நோய் ஆசியாவில் அடியெடுத்து வைத்ததில்லை. இப்போது வந்துவிட்டதோ என்ற அச்சம்! பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் காட்டுக்குள் புகுந்து ஆராய்ந்தனர். மஞ்சள் காய்ச்சல் அன்று. ரஷ்ய நாட்டுக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக் காய்ச்சலுக்கு உறவுடைய புதியதொரு வைரஸ் என்று கண்டனர். கியாசனூர்க் காட்டு நோய் என்று பெயரிட்டனர். ஊரார் இட்ட பெயரோ குரங்குக் காய்ச்சல்!

நாடகம் எழுதுபவன் நான். குற்றவாளியைத் திரைமறைவில் நிறுத்திவிட்டு, குத்துண்டவனையே கூண்டில் ஏற்றும் காட்சி எனக்குப் புதிதன்று. ஆயினும் தோழர்களே, இந்தக் குரங்குக்கு இழைக்கப்பட்ட அநீதி சற்றே அதிகம். நோயால் முதலில் சாவது அது. அதன் குருதியைக் குடித்த உண்ணிகள், உடல் குளிர்ந்ததும் உதிர்ந்து சருகில் பதுங்குகின்றன. மழைக்காலம் முடிந்து டிசம்பர் பிறந்தால், எள்ளினும் சிறிய இளம் உண்ணிகள் காடெங்கும் காத்திருக்கும். அவ்வழியே விறகு பொறுக்கப் போகிறவளின் காலில் ஏறுகிறது சாவு. மனிதனிடமிருந்து மனிதனுக்கு இந்நோய் தொற்றுவதில்லை.

அப்படியானால் உண்ணி பெருகியது எப்படி? ஹோர்ஹே போஷெல் என்ற ஆராய்ச்சியாளர் 1969இல் விடை கூறினார்: காடு துண்டுதுண்டாக வெட்டப்பட்டது, வெட்டிய வெளியில் மாடுகள் மேய்ந்தன, முதிர்ந்த உண்ணிக்கு மாடே விருந்துக்கூடமாயிற்று. கோடரி திறந்த வாயில் வழியே வந்த நோய் இது. ஐயமுண்டெனில் தென் கன்னட மாவட்டத்துப் பெல்தங்கடியைப் பாருங்கள். அங்கே முந்திரித் தோட்டம் அமைக்கக் காட்டை அழித்தனர். 1982-83இல் 1,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 100 பேருக்கு மேல் மாண்டனர். மரத்தை வெட்டச் சொன்னவர் எவரும் அந்தப் பட்டியலில் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை!

பல்லாண்டு ஒரு மாநிலத்துக்குள் அடங்கியிருந்தது, பிறகு மலைத்தொடர் நெடுகப் பரவியது. 2012இல் பந்திப்பூரில் இறந்த குரங்குகளை எரித்த வனத்துறை ஊழியர்களைப் பற்றியது. நம் நீலகிரியிலும் குரங்குகளிடையே தடயம் தென்பட்டது. 2015இல் வயநாட்டுப் பழங்குடியினரை வாட்டியது. கோவாவின் சத்தரி வட்டத்தில் புகுந்தது. 2016இல் மராட்டியத்துச் சிந்துதுர்க்கத்தை எட்டியது. அங்கும் முந்திரி பொறுக்கப் போனோரே பலியாயினர். முந்திரி பழுக்கும் பருவமும் உண்ணி கடிக்கும் பருவமும் ஒன்றாயிருப்பது ஏழைக்கு இயற்கை எழுதிய ஓலை போலும்.

தடுப்பூசி இல்லையா? இருந்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, அதன்பின் ஊக்க ஊசி, பிறகும் ஆண்டுதோறும் ஊசி! ஊசியின் வலிக்கு அஞ்சியே பலர் இரண்டாம் முறை வரவில்லை. வந்தவர்க்கும் முழுக்காப்பு கிட்டவில்லை. போட்டுக்கொண்டவரும் நோயுற்றனர். பயன் குறைவெனக் கண்டு 2022இல் கர்நாடகத்தில் அதனை நிறுத்தினர். நோயைக் கண்டு 65 ஆண்டுகள் கழிந்தபின், காட்டுக்குப் போகிறவன் கையில் மிஞ்சியது உடலில் பூசிக்கொள்ள ஒரு புட்டி எண்ணெய். நோயைத் தீர்க்கும் தனி மருந்தும் கிடையாது. நூற்றுக்கு மூவர், ஐவர் மடிகின்றனர். இதே நோய் மாளிகைத் தோட்டத்துப் புல்வெளியில் பிறந்திருந்தால், ஆராய்ச்சிக்கூட விளக்கு ஓர் இரவாவது அணைந்திருக்குமா?

புதிய தடுப்பூசிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முயன்று வருகிறது. வாழ்த்துகிறோம், விரைவு வேண்டுகிறோம். அது வரும்வரை காட்டுக்குப் போகாதே என்று தண்டோராப் போடுவது எளிது. போகாவிட்டால் அவள் அடுப்பு எரியாதே! டிசம்பர் முதல் மே வரையில், குரங்கு செத்து விழும் ஊர்களில் விறகுக்கு ஈடாக எரிவாயு உருளையும், இழந்த கூலிக்கு ஈடாக உதவித்தொகையும் தரட்டும் அரசுகள். நோய் கண்டவரைப் பல மைல் சுமந்து செல்லாதபடி, குருதியைச் சோதிக்கும் வசதி வட்டத் தலைநகரிலேயே அமையட்டும். இவற்றுக்கான தொகை அடுத்த நிதிநிலை அறிக்கையில் இருக்கிறதா என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் எழுந்து நின்று கேட்கட்டும்.