துள்ளும் கால்
தண்டுவடக் காயத்தால் சில வாரங்கள் துவண்டு கிடந்த கால், ஒருநாள் போர்வையை விலக்கும்போது தானாகத் துள்ளுகிறது. "காலில் உயிர் வந்துவிட்டது, டாக்டர்!" என்று ஓடிவரும் உறவினரிடம் உண்மையைச் சொல்வது எங்களுக்கு எளிதன்று. மூளையிலிருந்து தண்டுவடம் வழியே இறங்கும் நரம்புப் பாதைகள் தசைகளை ஏவுவதோடு, கீழுள்ள அனிச்சைச் செயல்களை அடக்கியும் வைக்கின்றன. அவை சிதைந்தால் ஏவலோடு கடிவாளமும் போகிறது. துள்ளல் அதன் விளைவே. சொன்னதும் நோயாளி தாமே பெருவிரலை அசைக்கிறாரா என்பதையே நாங்கள் தேடுகிறோம். இதை மருத்துவர்கள் முதல் வாரத்திலேயே விளக்கிவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. நாங்களும் பலமுறை தாமதித்திருக்கிறோம். துள்ளல் திடீரென மிகுந்தால் சிறுநீர்க் குழாய் அடைப்பு, மலச்சிக்கல், படுக்கைப்புண் உண்டா என்று பாருங்கள்; உடனே தெரிவியுங்கள்.