ஆடு கறக்கும் மருந்து யார் வீட்டுக்கு வரும்?

ஆட்டின் கருவில் மனித மரபணு ஒன்றைச் சேர்த்து, அதன் பாலிலிருந்து இரத்தம் கட்டுவதைத் தடுக்கும் மருந்தை எடுத்தார்கள். ‘ஏட்ரின்’ என்ற அம்மருந்துக்கு 2006-ல் ஐரோப்பாவும் 2009-ல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. வியப்புதான்!

ஆனால் மிருகத்தின் உடம்பில் மருந்து விளைவது நமக்குப் புதிதல்ல. பாம்புக்கடிக்குப் போடும் ஊசி குதிரையின் இரத்தத்தில் விளைவது. குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த விஷத்தில் பெரும்பகுதியைத் தருவது வடநெம்மேலி இருளர்களின் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கியது. உயிரைப் பணயம் வைத்துப் பாம்பு பிடிப்பவர்கள் அந்த ஏழைகள்தாம்.

இத்தனை இருந்தும், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். மருந்து இருந்தது, கடிபட்டவன் கிடந்த ஊரில் இல்லை.

தங்கவயல் தோழர்களே! 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டபின், ஆஸ்பத்திரிக்காக அலைவது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டுமருந்து வரட்டும், வரவேற்போம். காப்புரிமை யார் கையில், விலை என்ன என்றும் கேட்போம். அதற்குமுன், பாம்புக்கடி ஊசி நம் அரசு ஆஸ்பத்திரியிலும் சுற்றுக் கிராமங்களின் சுகாதார நிலையங்களிலும் இரவும் பகலும் இருப்பில் இருக்க வேண்டும் என்று கோருகிறோம்.