பஞ்சாயத்தில் இடமில்லாதவர்கள்

"போரில் ஜெயித்தவன் கூட்டும் பஞ்சாயத்து. யாரைக் கூப்பிடுவது என்பது அவன் இஷ்டம்." நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் அடிக்கடி இப்படிச் சொல்வார். அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1951 செப்டம்பரில் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்யச் சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு கூடியது. வந்தவை 52 நாடுகள். ஜப்பானையும் சேர்த்துக் கையெழுத்திட்டவை 49. சோவியத் யூனியன், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா மூன்றும் மறுத்துவிட்டன. ஆனால் 1937 முதல் எட்டு வருடம் ஜப்பானோடு போராடிய சீனாவுக்கு அழைப்பே இல்லை. 35 வருடம் ஜப்பானிடம் அடிமைப்பட்டிருந்த கொரியாவுக்கும் இல்லை. கல்யாணத்துக்கு ஊரையெல்லாம் அழைத்துவிட்டு, பெண்ணைப் பெற்றவருக்குப் பத்திரிகை வைக்காத கதைதான்.

காரணம் சொன்னார்கள். சீனாவில் இரண்டு அரசுகள். பிரிட்டன் அங்கீகரித்தது பீக்கிங்கை, அமெரிக்கா அங்கீகரித்தது தைவானில் இருந்த சியாங் கை ஷேக்கை. அதனால் இருவரையும் விட்டுவிட்டார்கள். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்ததே தவிர, அதோடு போரில் இருந்த நாடு அல்லவாம்.

சரி, அப்படியானால் வியட்நாம், லாவோஸ், கம்போடியா எப்படிக் கையெழுத்திட்டன? போர்க்காலத்தில் அவை பிரான்சின் ஆட்சியில் இருந்தவைதானே? கொரியாவின் தற்காலிக அரசோ, நாடு கடந்து சீனாவில் இருந்தபடியே 1941 டிசம்பரில் ஜப்பான் மீது போர் அறிவித்தது. அதை யாரும் அங்கீகரிக்கவில்லை. பத்து வருடம் கழித்து, "நீ போரில் இல்லையே" என்றார்கள்!

உண்மைக் காரணம் வேறு. கொரியாவை அழைப்பதை ஜப்பான் எதிர்த்தது. தன் மண்ணில் வாழும் கொரியர்கள் நேச நாட்டுக் குடிமக்களாகி இழப்பீடு கேட்பார்களே என்பது அதன் கவலை. பிரிட்டனும் எதிர்த்தது. தோற்றவனின் சங்கடத்துக்கு இருந்த மதிப்பு, அடிபட்டவனின் கணக்குக்கு இல்லை.

நண்பர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. கொரியப் போரில் சீனப் படையும் அமெரிக்கப் படையும் மோதிக்கொண்டிருந்த நேரம் அது. எல்லோருக்காகவும் காத்திருந்தால் ஒப்பந்தம் தள்ளிப்போயிருக்கும். ஜப்பானில் அந்நியப் படையாட்சியும் நீடித்திருக்கும்.

ஆனால் அவசரத்தில் மிச்சம் பிடித்தது என்ன? கொரியாவோடு தனி ஒப்பந்தம் 1965இல்தான் வந்தது. பீக்கிங்கோடு உறவு 1972இல். தைவானை ஜப்பான் விட்டுக்கொடுத்தது. யாருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. ஜப்பான் தாகேஷிமா என்றும் கொரியா தொக்தோ என்றும் உரிமை கொண்டாடும் தீவின் பெயரும் அதில் இல்லை. இரண்டு சண்டையும் இன்றுவரை ஓயவில்லை.

அதே மாநாட்டில் இலங்கையின் ஜெயவர்த்தன புத்தரின் போதனையைச் சொல்லி, எங்களுக்கு இழப்பீடு வேண்டாம் என்றார். பெருந்தன்மைதான். 1942இல் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு ஆளானவை. ஆனால் அவருக்கு அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அதனால் மன்னிக்க முடிந்தது. கொரியனுக்கு மன்னிக்கும் வாய்ப்பைக்கூட யாரும் தரவில்லை.

இந்தியாவுக்கு அழைப்பு வந்தும் நேரு போகவில்லை. 1952 ஜூனில் ஜப்பானோடு தனியாக ஒப்பந்தம் செய்து, இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்தார். அன்று சிலர் அதை வீம்பு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வழக்கில் சம்பந்தப்பட்டவனை வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்லும் தீர்ப்பு அவனைக் கட்டுப்படுத்தாது. நம் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரிந்த இந்த விஷயம், வல்லரசுகளுக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்?