தமக்கை நகரமா, தங்கை நகரமா?

'சிஸ்டர் சிட்டி' என்ற தொடரைத் தமிழ் நாளிதழ்கள் 'சகோதரி நகரம்' என்று பெயர்க்கின்றன. வடசொல்லைத் தவிர்த்தால் சிக்கல் எழுகிறது. 'உடன்பிறந்தாள்' எனப் பொதுவாகக் குறிக்கலாம். அழைக்கும்போதோ தமக்கையா தங்கையா என்று தீர்மானித்தாக வேண்டும். சீன மொழிக்கும் இந்த இடர்ப்பாடு உண்டு. 1973இல் தியான்ஜினும் ஜப்பானின் கோபேயும் இணைந்தபோது, 'சகோதரி' என்பது மூத்தவள், இளையவள் என்ற வரிசையைச் சுட்டுமே என்று பிரதமர் சூ என்லாய் தயங்கியதாகவும், அதனாலேயே 'நட்பு நகரம்' என்ற பெயர் நிலைத்ததாகவும் கூறுவர். பிரெஞ்சு வழக்கில் இது 'இரட்டையாக்கம்'. ஜெர்மன் வழக்கில் 'கூட்டாண்மை'. பெயரிடுவதில் காட்டிய இந்தக் கவனம், உறவை ஏற்படுத்துவோர் யார் என்பதிலும் இருந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம் 1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சிதைந்தது. அந்நகரப் பெண்கள் 830 பேர் 1943இல் தத்தம் பெயரை ஒரு மேசை விரிப்பில் பூத்தையலாகப் பதித்து, ஆளுக்கு ஆறு பென்னி சேர்த்து, போரில் அழிந்திருந்த ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டு இரு நகரங்களும் முறைப்படி இணைந்தன. ஊசியும் நூலும் முன்னே சென்றன. ஒப்பந்தம் பின்னே வந்தது. கொடுத்தவரும் இடிபாடுகளிடையே வாழ்ந்தவர் என்பதால், அங்கே தமக்கை தங்கை என்ற வரிசைக்கே இடமில்லாமற்போயிற்று.

அமெரிக்காவின் டென்வரிலும் தொடக்கம் இத்தகையதே. போரில் சிதைந்த பிரான்சின் பிரெஸ்ட் நகரை 1947இல் கண்டு திரும்பிய பள்ளி ஆசிரியை ஒருவர், தம் மாணவரிடம் அதைப் பற்றிக் கூறினார். அவர்கள் சில்லறையாகத் திரட்டிய 32,000 டாலர், பிரெஸ்ட் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை மீண்டும் கட்ட உதவியது. அதே டென்வர் 1984 முதல் சென்னைக்கும் சகோதரி நகரம். இதைச் சென்னையில் எத்தனை பேர் அறிவர்?

இந்திய நகரங்களுக்குச் சகோதரிகள் பெரும்பாலும் தலைவர்களின் பயணங்களின்போதே வாய்க்கின்றனர். 2014 ஆகஸ்டில் வாரணாசியும் கியோட்டோவும் இணைந்த ஆவணத்தில் கியோட்டோவின் சார்பில் அந்நகர மேயர் கையொப்பமிட்டார். வாரணாசியின் சார்பில் ஜப்பானுக்கான இந்தியத் தூதர் கையொப்பமிட்டார். விழாவின் ஒளிப்படங்களில் இரு பிரதமர்களும் இருந்தனர். கங்கைக்கரைப் படகோட்டிக்கோ பட்டு நெசவாளருக்கோ அந்தத் தாளில் என்ன வேலை?

வெளிவிவகாரம் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால் வேறு வழியில்லை என்று விடை சொல்வர். முறைப்படியான ஒப்பந்தத்திற்கு இது பொருந்தும். ஆனால் ஒரு பள்ளி இன்னொரு பள்ளிக்கு மடல் எழுதுவதையும், ஓர் ஊர் நூலகம் இன்னொன்றுக்குப் புத்தகம் அனுப்புவதையும் எந்தப் பட்டியலும் தடுக்கவில்லை. தடுப்பது பழக்கம், உறவு என்றாலே அது மேலிருந்து அருளப்படுவது என்ற பழக்கம்.

மக்களிடையே பிறந்த உறவு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று போற்றுவதும் மிகை. உக்ரைன் போரை அடுத்து 2022இல் கோவென்ட்ரி மாநகர மன்றம், இன்று வோல்கோகிராடு எனப்படும் அந்நகருடனான இணைப்பை நிறுத்திவைத்தது. எனினும் நிறுத்திவைப்பதற்கு அங்கே ஏதோ ஒன்று இருந்தது.

சென்னையும் சீனத்தின் சோங்சிங்கும் 2015இல் சகோதரி நகரங்களாயின. மறு ஆண்டு சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது; அடுத்த தேர்தல் 2022இல்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் சோங்சிங்கிலிருந்து மேயருக்கு மடல் வந்திருந்தால், பிரித்துப் படிக்கச் சென்னையில் மேயர் இல்லை.