லேசாக ஒரு கோடு

'98 சதவிகிதம் சரியாக இருக்கும்' என்று யாராவது சொன்னால் நாம் உடனே கைகூப்பிவிடுகிறோம். பத்தாவதில் கணக்கில் 98 வாங்கிய பையனைப் பார்ப்பது போல ஒரு மரியாதை. மீதி இரண்டு யார் தலையில் விடிந்தது என்று கேட்பதே இல்லை.

எங்கள் வீட்டில் அது ஒரு பூனையின் தலையில் விடியப் பார்த்தது.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் பூனை வளர்க்க உத்தேசிக்கவே வேண்டாம். கருவாட்டு வாசனை அடித்தால் போதும், அதுவே வந்து நம்மை வளர்க்க ஆரம்பித்துவிடும். அப்படி வந்த சாம்பல் நிறப் பூனைக்கு என் மனைவி வைத்த பெயர் 'மேனேஜர்'. காரணம்: வேலை செய்யாது, கூப்பிட்டால் வராது, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் டாண் என்று ஆஜர். ஒரு வாரமாக அந்த ஆஜரும் இல்லை. மூலையில் சுருண்டு படுத்தே கிடந்தது. கூடையில் போட்டு மூடி, புதுச்சேரி பஸ் ஏறினேன்.

டாக்டர் இளைஞர். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கொரோனா சமயத்தில் நாமெல்லாம் வெறித்துப் பார்த்தோமே, அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டையில் விட்டார். பத்து நிமிஷம். ஒரு கோடு அழுத்தமாக வந்தது. இன்னொன்று, இருக்கிறதா இல்லையா என்று பட்டிமன்றம் வைக்கலாம் போல, லேசாக.

"பாசிட்டிவ் மாதிரிதான் தெரியுது சார். பூனை லுக்கீமியா வைரஸ்."

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவனுக்கு லுக்கீமியா என்றால் ரத்த வாந்தியும் ஷெனாயும்தான் ஞாபகம் வரும். டாக்டர் புரிந்துகொண்டு விளக்கினார்.

கிளாஸ்கோவில் ஒரே வீட்டில் இருந்த பூனைகளுக்கு வரிசையாகப் புற்றுநோய் வந்தது. வில்லியம் ஜாரெட் என்ற விஞ்ஞானிக்குச் சந்தேகம். தன் குழுவோடு தேடி, 1964-ல் இந்த வைரஸைப் பிடித்தார். எச்சில் வழியாகப் பரவும். ஒன்றையொன்று நக்குவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, கடிப்பது எல்லாமே வழிகள். ரத்தச்சோகை, கட்டி, எதிர்ப்புச் சக்திக் குறைவு என்று ஆளை உருக்கும். 2007-ல் ஸ்பெயினில் ஐபீரிய லின்க்ஸ் என்ற அபூர்வமான காட்டுப் பூனைகளுக்குள் புகுந்து சிலவற்றைக் கொன்றது. ஒரே ஆறுதல், மனிதர்களுக்கு ஒட்டாது.

"இந்த டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம் டாக்டர்?" என்றேன். நான் பாங்க்கில் கையெழுத்து சரிபார்க்கிறவன். சந்தேகம் தொழில் வியாதி.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பினார்.

"சும்மா ஒரு கணக்குக்கு, ஆயிரம் பூனைன்னு வெச்சுக்குங்க. அதுல பத்துக்கு நிஜமாவே வியாதி. கிட் அதுல ஒன்பதைப் பிடிக்குது. மிச்சம் 990 நல்ல பூனை. நூத்துக்கு ரெண்டு தப்பாச் சொன்னா?"

"சுமார் இருபது."

"ஆக பாசிட்டிவ் மொத்தம் 29. நிஜம் ஒன்பதுதான்!"

98 சதவிகிதத்தின் வேஷ்டி அவிழ்ந்து விழுந்த இடம் இது. வியாதி அரிதாக இருக்கிற ஊரில், பாசிட்டிவ் வந்ததில் பாதிக்கு மேல் பொய்யாக இருக்கலாம்.

"ஆனா உங்களது தெருவுல சுத்தற பூனை, சோர்ந்தும் போயிருக்கு. அதனால இதுக்குச் சான்ஸ் கூட. அதையும் சொல்லிடணும்" என்றார்.

"அப்ப நெகட்டிவ் வந்தா நிம்மதியா?"

"அதுவும் இல்லை." கிட் தேடுவது வைரஸின் ஒரு புரதத்தை. தொற்றிய முதல் முப்பது நாள் அது சிக்காமல் போகலாம். சில பூனைகள் வைரஸை அமுக்கிவிடும். இன்று பாசிட்டிவ், சில வாரம் கழித்து நெகட்டிவ். ஆனால் வைரஸின் மரபணு மட்டும் செல்லுக்குள் பதுங்கியிருக்கும். அதைப் பிடிக்க பி.சி.ஆர். என்கிற வேறு பரிசோதனை வேண்டும். அதாவது, இரண்டு டெஸ்ட் இரண்டு விதமாகச் சொல்லி, இரண்டுமே உண்மை பேசியிருக்கலாம்! எந்தக் கோர்ட்டிலும் பார்க்க முடியாத சாட்சிகள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார். "எதுக்கு சார் வம்பு? பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடுங்க."

யோசித்துப் பாருங்கள். நிஜமான பாசிட்டிவ் என்றால் அந்தாண்ட இருக்கிற பூனைகளுக்கு நாம் வியாதி தானம் செய்கிறோம். பொய்யான பாசிட்டிவ் என்றால் நிரபராதிக்கு நாடு கடத்தல்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த உப்பள மேஸ்திரிதான் சரியான பாயிண்ட்டைப் பிடித்தார். கடல் தண்ணீர் சுமார் மூன்று டிகிரி. வெயிலில் காய்ந்து 25 டிகிரி வாக்கில் உப்பு விழ ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்கினால் கசப்பு. மிதக்கும் கண்ணாடிக் குழாயில் இதை அளப்பதுதான் அவர் பிழைப்பு.

"மழை பேஞ்ச மறுநாளு மேலாப்புல வுட்டுப் பாத்தா டிகிரி கம்மியாத்தான் காட்டும் சார். நல்ல தண்ணி மேல நிக்கும். அதுக்காவ பாத்தியை மண்ணு போட்டு மூடிடுவமா? நாலு எடத்துல பாப்போம், ரெண்டு நாள் கழிச்சும் பாப்போம்."

அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2020-ல் வெளியிட்ட நெறிமுறையும் ஏறக்குறைய இதைத்தான் இங்கிலீஷில் சொல்கிறது: டெஸ்ட் முடிவை மட்டும் வைத்துப் பூனையைக் கருணைக்கொலை செய்யாதே, மறுபடி பார்.

மேனேஜரைத் தனி அறை, தனித் தட்டு என்று ஆறு வாரம் வைத்திருந்தோம். (அது பதவி உயர்வு என்றே நினைத்துக்கொண்டது.) மறு டெஸ்ட் நெகட்டிவ். பி.சி.ஆரும் நெகட்டிவ். சோர்வுக்குக் காரணம் குடல் புழு. அதற்கு மருந்து முதல் நாளே கொடுத்தாயிற்று.

பூனை இல்லாதவர்களுக்கும் இதில் சேதி உண்டு. ஆபீஸில் வருஷாவருஷம் செய்கிற செக்கப்பில் ஏதாவது ஒரு கட்டத்தில் சிவப்பு மை விழுந்தால், இரவே இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தேடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வியாதி என் மாதிரி ஆளுக்கு எவ்வளவு சகஜம்? மறுபடி எப்போது பார்க்கலாம்? வேறு வகை டெஸ்ட் உண்டா?

கேட்பது மரியாதைக் குறைவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டுக் காட்டுகிற டாக்டர் கிடைத்தால், அவர் தெருவிலேயே வாடகைக்கு வீடு பாருங்கள்.