வாரத்துக்கு ஒரு நாள்!

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. வாரத்தில் குறித்த நாட்களில்தான் போகும். எது தொழில் நாள், எது ஓய்வு நாள் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அதுபோல, நாள் பார்த்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு. அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். சொரியாசிஸ் என்னும் தோல் நோய் முற்றினால் டாக்டர்கள் இதைக் கொடுக்கிறார்கள்.

சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறுவதால் தோல் அளவுக்கு மீறி வேகமாக வளர்கிறது. செதில் செதிலாக உதிர்கிறது.

சென்னையில் படித்தவர்

இந்த மருந்தின் கதையில் நம் நாட்டவருக்கும் பங்கு உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1923-ல் அமெரிக்கா போனார். அங்கே அவர் தலைமையில் வேலை செய்த குழுதான் இந்த வகை மருந்துகளை உண்டாக்கியது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. பிறகு, 1951-ல், இதே வகை மருந்து சொரியாசிஸையும் அடக்குவதை டாக்டர்கள் கண்டார்கள்.

ரத்தம் ஏன்?

வேகமாக வளரும் அணுக்களை இந்த மருந்து தடுக்கிறது. அதனால் தோல் அடங்குகிறது. ஆனால் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தையும் அது தாக்கும். கல்லீரலையும் கெடுக்கலாம். சிறுநீரகம் பழுதானால் மருந்து வெளியேறாமல் உடம்பில் தங்கிவிடும்.

ஆகவே, தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை தேவை. தொடங்கிய பிறகும், அளவைக் கூட்டும்போதும் சில வாரங்களுக்கு அடிக்கடி தேவை. அளவு நிலைபெற்றதும் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மாத்திரை சாப்பிட்ட மறுநாளே ரத்தம் கொடுத்தால் கல்லீரல் கணக்கு கூடுதலாகக் காட்டக்கூடும். அடுத்த மாத்திரைக்கு ஓரிரு நாள் முன்பு கொடுப்பது நல்லது. கணக்கைப் பார்த்து டாக்டர் அளவைக் குறைப்பார், கூட்டுவார், அல்லது நிறுத்துவார்.

"தோல்தான் ஆறிவிட்டதே! ஒரு நாள் கூலியை விட்டு அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் ஏன் அலைய வேண்டும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கல்லீரல் கெடுவது வெளியே தெரியாது. ரத்தம்தான் சொல்லும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

உயிருக்கே ஆபத்து

வாரம் ஒரு நாள் சாப்பிட வேண்டியதைத் தினமும் விழுங்கி உயிர் இழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. கூடவே கொடுக்கும் போலிக் அமில மாத்திரையும் சில சமயம் அதே மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஒன்றை மற்றொன்று என்று எண்ணிவிடக் கூடாது.

வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், காரணமில்லாத ரத்தக் கசிவு ஆகியவற்றில் எது கண்டாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மது கூடவே கூடாது. கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது. வேறு மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

மருந்துக் கடைக்காரர்கள் உறையின்மேல் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை, நாட்காட்டியில் அந்தக் கிழமையை வட்டமிட வேண்டும். பரிசோதனை நாளையும் அதிலேயே குறிக்க வேண்டும். ஒரு பென்சில் கோடு ஓர் உயிரைக் காக்கும்.