கன்சோலைக் கழட்டிப் போடுங்க சாமி!

ஆபீஸ்ல தினமும் ஆணி புடுங்கறவன்தான் நான். ஆனா நிஜமான ஆணியைப் புடுங்கினது போன சனிக்கிழமைதான்.

டெக்சாஸ்ல செகண்ட் ஹேண்டா வாங்கின 2002 மாடல் பிக்கப் நம்ம வண்டி. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கிற சென்டர் கன்சோல், கீல் உடைஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்துச்சு. இருபது வருஷத்துக்கு மேல வெயில்ல காய்ஞ்ச பிளாஸ்டிக், தொட்டா அப்பளமா நொறுங்குது. கடையில கேட்டா கீல் மட்டும் கிடையாதாம், முழு கன்சோலையும் வாங்கணுமாம். ஒரு கீலுக்கா?

வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். கியர் ஸ்டியரிங் தண்டுலயே இருக்கிற வண்டிக்கு இந்தப் பொட்டி எதுக்கு? காப்பி டம்ளர் தாங்குறதைத் தவிர என் வண்டியில அது ஒரு வேலையும் பார்க்கல. (தரையில கியர் இருக்கிறவங்க எஸ்கேப் ஆயிடுங்க, அது வேற தலைவலி.)

ஆனா எப்படிக் கழட்டுறோம்ங்கறது முக்கியம். நண்பர் ஒருத்தர், "ரம்பத்தால அறுத்துடு மச்சி, அஞ்சு நிமிஷ வேலை"ன்னான். நானும் ரம்பத்தைக் கையில எடுத்துட்டேன்! அமெரிக்காவுல 1999 மாடல்லேர்ந்து சின்ன ரக பிக்கப்புக்கும் முன்பக்கம் ரெண்டு ஏர்பேக் கட்டாயம். அது எப்ப விரியணும்னு முடிவு பண்ற கம்ப்யூட்டர், நிறைய வண்டிகள்ல கன்சோலுக்கு அடியிலதான் தரையோட போல்ட் போட்டு உக்காந்திருக்கும். மோதலை உணர்றதும் அதேதான். அங்க போய் ரம்பம் வைக்கிறதும், சுத்தியலால தட்டுறதும் விளையாட்டு இல்லைங்க.

அதனால முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு கால் மணி நேரம் சும்மா உக்காந்தேன். சீட்டைப் பின்னாடி தள்ளி முன் போல்ட், முன்னாடி தள்ளி பின் போல்ட். அப்பவும் அசையல. பொட்டிக்குள்ள இருந்த ரப்பர் பாயைத் தூக்கினா அடியில இன்னும் ரெண்டு ஒளிஞ்சிருக்கு! சார்ஜர் சாக்கெட் ஒயரைப் பிரிச்சுத் தூக்கினேன். பழைய ஓனரோட சில்லறை, கல்லாப் போன உருளைக்கிழங்கு வறுவல், நடுவுல மஞ்சள் கனெக்டரோட அந்தக் கம்ப்யூட்டர். மஞ்சள்னா ஏர்பேக் ஒயர், கை வைக்கக் கூடாது. அதுமேல காப்பி கொட்டாம இருக்க ஒரு மூடி மட்டும் போட்டேன்.

நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சதுல ஃபிட்டிங் லேப்ல ஒரு இரும்புத் துண்டைத் தேய்ச்சதோட சரி. இந்த ரெண்டு மணி நேரத்துல கத்துக்கிட்டது அதைவிட ஜாஸ்தி.

காலியான இடத்துல தங்கமணி இப்ப அரிசி மூட்டையை வெச்சிருக்காங்க. டம்ளர் என் மடியில.